தராசில் அமர்ந்த வைத்தியர்: சந்தோரியோவும் எமது உடல் நிறையும்

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் எம்மவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே தராசில் ஏறிவிடுகிறார்கள். மருத்துவப் பரிசோதனைத் தாளில் உயரத்துக்குப் பக்கத்தில் நிறையும் எழுதப்படுகிறது. அதன் பிறகு அந்த நிறையைக் கவனிப்பது குடும்பம்தான். ஒரு பிள்ளை டோகாவில், இன்னொன்று ரொறன்ரோவில், தாய் யாழ்ப்பாணத்தில் என்று சிதறிப்போன வீடுகளில், தொலைபேசித் திரையில் முகம் தெரிந்ததும் பேசப்படும் முதல் விடயம் பெரும்பாலும் மெலிவு அல்லது பருமன். கன்னம் ஒட்டியிருந்தால் அம்மா அழுவார். கன்னம் நிறைந்திருந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று நிம்மதி அடைவார்.

அந்தக் கவலையும் அந்த நிம்மதியும் எந்த அளவுக்குச் சரியானவை? நிறை குறைந்தது என்றால் உடலிலிருந்து போனது எது? தண்ணீரா, தசையா, கொழுப்பா? கூடியது என்றால் சேர்ந்தது எது? இந்தக் கேள்விகளுக்குத் தராசை வைத்துப் பதில் தேடத் தொடங்கியவர் ஒரு வைத்தியர். இறந்து ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆகின்றன. தனது வாழ்நாளின் பெரும்பகுதியைத் தன்னையே நிறுத்துப் பார்ப்பதில் கழித்தவர். பெயர் சந்தோரியோ சந்தோரியோ.

பெயர் இரட்டித்த பிள்ளை

சந்தோரியோ 1561ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் திகதி அத்ரியாத்திக் கடலோரத்தில் உள்ள கப்போடிஸ்திரியா என்ற ஊரில் பிறந்தார். அன்று அது வெனிஸ் குடியரசின் ஊர். பின்னர் ஒஸ்திரியா, இத்தாலி, யூகோஸ்லாவியா என்று கைமாறி, இன்று கோப்பர் என்ற பெயரோடு சுலோவீனியாவில் இருக்கிறது. ஊர் அசையாமல் இருக்க நாடுகள் அதன் மேலாக மாறிப்போன கதை எமது வாசகர்களுக்குப் புதிதாக இராது.

தகப்பனார் அந்தோனியோ வெனிஸ் அரசின் படைக்கலத் துறையில் அதிகாரி. மூத்த மகனுக்குக் குடும்பப் பெயரையே முதற்பெயராகவும் வைப்பது அந்தப் பகுதி வழக்கம். அதனால்தான் பெயர் இரட்டித்தது. படிப்புக்காகப் பிள்ளையை வெனிசுக்கு அனுப்பினார்கள். அங்கே மொரோசினி என்ற பெருங்குடும்பத்தின் வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தார். 14 வயதில் பாதுவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1582இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்து மருத்துவக் கல்வியின் அடித்தளம் பழைய நூல்கள். கிரேக்க வைத்தியர்களான இப்போகிரட்டீசும் கேலனும் ஒரு பக்கம், இப்னு சீனா மறுபக்கம். புகாராவுக்கு அருகில் 980இல் பிறந்து 1037இல் ஹமதானில் இறந்த இப்னு சீனாவின் பெயரை வளைகுடாவில் வாழ்வோர் மருந்துக்கடைப் பலகைகளில் பார்த்திருப்பார்கள். அரபு மொழியில் அவர் எழுதிய மருத்துவப் பெருநூல் 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோ நகரில் இலத்தீனுக்குப் போனது. அதன் பின் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மாணவர்கள் அதைத்தான் படித்தார்கள்.

அந்த மருத்துவத்தில் உடல் என்பது சூடு, குளிர், ஈரம், வறட்சி ஆகியவற்றின் சமநிலை. எமது நாட்டு வைத்தியத்தில் வாதம், பித்தம், கபம் பேசப்படுவது போல அங்கே நான்கு நீர்மங்கள் பேசப்பட்டன. ஒருவருக்குச் சூடு கூடியிருக்கிறது என்று வைத்தியர் சொல்வார். எவ்வளவு கூடியிருக்கிறது என்று கேட்டால் பதில் இராது. கையால் தொட்டுப் பார்த்துச் சொல்வதற்கு மேல் வழி இருக்கவில்லை. இந்தக் குறை சந்தோரியோவை உறுத்தியது.

அளவுகோல் தேடிய வைத்தியர்

பட்டம் பெற்ற பின் சில ஆண்டுகள் அவர் குரோவாசியப் பகுதியில் பிரபுக்களிடம் வைத்தியராக இருந்தார். 1599இல் வெனிசில் நிலையாகக் குடியேறினார். அங்கே அவருடைய நண்பர் வட்டம் பெரியது. கலிலியோ அதில் ஒருவர். திருத்தந்தையின் அதிகாரத்துக்கு எதிராக வெனிஸ் அரசுக்காக எழுதிய பாவோலோ சார்ப்பி என்ற துறவி இன்னொருவர். 1607இல் சார்ப்பி வீதியில் கத்தியால் குத்தப்பட்டபோது காயத்துக்குச் சிகிச்சை செய்தவர்களில் சந்தோரியோவும் இருந்தார்.

கலிலியோ வானத்தை அளந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் சந்தோரியோ நோயாளியை அளக்கக் கருவிகள் செய்தார். நூலில் கட்டிய ஈயக் குண்டை ஆடவிட்டு, நூலின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து, நாடித்துடிப்பின் வேகத்தோடு பொருந்த வைத்து, அந்த நீளத்தைக் குறித்துக்கொள்வது ஒரு கருவி. மணிக்கூட்டில் நொடிமுள் இல்லாத காலத்தில் நாடியை இலக்கத்தால் எழுத இது உதவியது. கண்ணாடிக் குழாயில் நீரையும் காற்றையும் வைத்து உடற்சூட்டை அளப்பது இன்னொன்று. வெப்பமானியில் அளவுக்கோடுகள் இட்டு நோயாளியிடம் பயன்படுத்திய முதல் வைத்தியர்களில் ஒருவராக அவர் மதிக்கப்படுகிறார். காற்றின் ஈரத்தை அளக்கவும் கருவி செய்தார்.

கூரையில் தொங்கிய நாற்காலி

இந்தக் கருவிகளில் மிகப் பெரியது ஒரு நாற்காலி. ஒரு பக்கம் நீண்ட கோலும் அதில் நகர்த்தக்கூடிய படிக்கல்லும் கொண்ட தராசை அவர் மேல்தளத்தில் பொருத்தினார். அதன் குறுகிய பக்கத்திலிருந்து நாற்காலி கீழே அறைக்குள் தொங்கியது. முன்னால் சாப்பாட்டு மேசை. அன்று எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று முதலில் முடிவு செய்து படிக்கல்லை அந்த இடத்தில் வைப்பார். சாப்பிடச் சாப்பிட நிறை ஏறும். அளவு எட்டியதும் நாற்காலி மெல்லக் கீழே இறங்கும். அத்தோடு உணவு முடிந்தது.

சாப்பிட்டதையும் குடித்ததையும் நிறுத்தார். மலத்தையும் சிறுநீரையும் நிறுத்தார். தூங்குவதற்கு முன்னும் பின்னும், வேலை செய்த பின்னும், நோன்பு இருந்தபோதும் தன்னை நிறுத்தார். 1615இல் கலிலியோவுக்குத் தனது நூலை அனுப்பியபோது, 25 ஆண்டுகளாக இந்தச் சோதனையைச் செய்து வருவதாகவும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் பரிசோதித்ததாகவும் தெரிவித்தார். அந்தப் பத்தாயிரம் மிகைப்படுத்தலாக இருக்கலாம். ஆனால் இத்தனை காலம் ஒரே கேள்வியோடு தராசில் உட்கார்ந்த வேறொருவரை அதற்கு முந்திய மருத்துவ வரலாற்றில் காண்பது கடினம்.

கணக்குப் பார்த்தபோது ஒரு புதிர் எழுந்தது. ஒருவர் ஒரு நாளில் எட்டு இறாத்தல் உணவும் பானமும் உட்கொண்டால், மலமும் சிறுநீருமாகக் கண்ணுக்குத் தெரிந்து வெளியேறுவது ஏறத்தாழ மூன்று இறாத்தல்தான். மறுநாள் காலை உடல் பழைய நிறைக்கே வந்துவிடுகிறது. அப்படியென்றால் மிச்சம் ஐந்து இறாத்தல் எங்கே போனது? உணராமலே உடல் அதை வெளியே விடுகிறது என்று அவர் முடிவு செய்தார். தோலும் மூச்சும் இப்படி எதையோ வெளிவிடுகின்றன என்று கேலன் முன்பே எழுதியிருந்தார். அதற்கு ஓர் அளவு கொடுத்தவர் சந்தோரியோ.

மறைந்துபோன ஐந்து இறாத்தல்

இன்று எமக்குத் தெரிந்த விடை இது. மூக்கின் வழியாகப் போகும் ஒவ்வொரு மூச்சிலும் நீராவி இருக்கிறது. வியர்க்காத வேளையிலும் தோலின் ஊடாக நீர் கசிந்து ஆவியாகிறது. குளிர்ந்த நாடொன்றில் ஓய்வாக இருப்பவரே இந்த இரண்டு வழிகளாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 மில்லிலீற்றர் நீரை இழக்கிறார். வியர்வை இதற்கு மேலதிகம். சந்தோரியோவின் கணக்கில் இரண்டும் ஒன்றாகக் கலந்திருந்தன.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை அவரால் அறிந்திருக்க முடியாது. நாம் உண்ணும் மாவும் கொழுப்பும் உடலுக்குள் எரிந்து காபனீரொட்சைட்டாகி மூச்சில் வெளியேறுகின்றன. 1780களில் பிரான்சின் லவோசியர் கினிப்பன்றிகளை வைத்துச் செய்த சோதனைகள் மூலம், மூச்சு விடுவது மெதுவாக எரிவதற்கு ஒப்பானது என்று காட்டினார். அதுவரை அந்தக் கணக்கு மூடியே இருந்தது. உள்ளே வரும் காற்றுக்கும் நிறை உண்டு, அதையும் வரவில் சேர்க்க வேண்டும் என்பதும் சந்தோரியோவின் ஏட்டில் இல்லை.

உடல் கொழுப்பு குறையும்போது அது எங்கே போகிறது என்று கேட்டால், வியர்வையாகப் போகிறது என்றோ, மலமாகப் போகிறது என்றோ பலர் சொல்வார்கள். வெப்பமாகிவிடுகிறது என்று சொல்வோரும் உண்டு. ஒருவர் பத்துக் கிலோ கொழுப்பைக் கரைத்தால் அதில் 8.4 கிலோ காபனீரொட்சைட்டாக மூச்சில் போகிறது. மிச்சம் 1.6 கிலோ நீராகிறது. இரவு படுக்கும்போதும் விடிந்து எழுந்தவுடன் எதுவும் குடிக்காமலும் நிறுத்துப் பார்த்தால், சிறுநீர் கழிக்கும் முன்னரே சில நூறு கிராம் குறைந்திருப்பதை எவரும் காணலாம். சந்தோரியோ கண்டது அதைத்தான்.

எழுபது கிலோவின் உள்ளே

வெளியேறுவது இப்படியென்றால் உள்ளே இருப்பது என்ன? 70 கிலோ நிறையுள்ள ஓர் ஆணை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 42 கிலோ தண்ணீர். பெண்களிடம் இந்தப் பங்கு சற்றுக் குறைவு. பிறந்த குழந்தையிடம் முக்கால் பங்குக்கு நீர்தான். தனிமங்களாகப் பிரித்தால் 45 கிலோ ஒட்சிசன், 12 முதல் 13 கிலோ காபன், 7 கிலோ ஐதரசன், 2 கிலோ நைதரசன், 1 கிலோ கல்சியம் என்று வரும். மிச்சம் பொசுபரசு முதலிய சிறு அளவுகள்.

உறுப்புகளாகப் பார்த்தால் பெரும்பங்கு தசை. ஆண்களில் உடல் நிறையின் 40 சதவீதம் வரை அதுவே. கொழுப்பு 15 சதவீதம் அளவில் இருந்தால் பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். மச்சையோடு சேர்த்து என்புகள் பத்துக் கிலோ. இரத்தம் ஐந்து லீற்றர். ஈரல் ஒன்றரைக் கிலோ. இத்தனையையும் ஆளும் மூளை 1.4 கிலோதான்.

தசையில் முக்கால் பங்கு நீர். கொழுப்பிலோ பத்தில் ஒரு பங்கு அளவில்தான் நீர். அதனால்தான் பட்டினி கிடப்பவருக்கு முதல் சில நாட்களில் நிறை வேகமாகக் குறைகிறது. ஈரலிலும் தசையிலும் சேமித்த மாவுப்பொருள் அரைக் கிலோ அளவில்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவில் நீர் பிணைந்திருக்கிறது. மாவு தீரும்போது அந்த நீரும் போய்விடும். ஒரே வாரத்தில் இரண்டு கிலோ குறைத்துவிட்டேன் என்று மகிழ்பவர் பெரும்பாலும் குறைத்தது தண்ணீரை. வழமைபோலச் சாப்பிடத் தொடங்கியதும் அது திரும்பி வந்துவிடும்.

வெயிலின் கணக்கு

சந்தோரியோவின் கேள்வி வெனிசை விட வளைகுடாவுக்கே அதிகம் பொருந்தும். இங்கே உணராமல் இழப்பது உயிரோடு சம்பந்தப்பட்டது.

கோடையில் வெளியே உடலுழைப்புச் செய்பவர் மணிக்கு ஒரு லீற்றருக்கு மேல் வியர்க்கலாம். ஒரு லீற்றர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். உள்நாட்டுப் பாலைவனத்தின் வறண்ட காற்றில் வியர்வை தோன்றும்போதே காய்ந்துவிடும். சட்டை நனையாது, முதுகில் உப்புப் படிவு மட்டும் வெள்ளையாகத் தெரியும். வியர்க்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. டுபாய், அபுதாபி, டோகா போன்ற கரையோர நகரங்களில் நிலை எதிர்மாறானது. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடுகிறது. நீரும் போகிறது, உடலும் குளிர்வதில்லை.

60 கிலோ நிறையுள்ள ஒருவர் 1.2 கிலோ நீரை இழந்தால் அது உடல் நிறையின் இரண்டு சதவீதம். அந்த அளவிலேயே வேலைத்திறனும் கவனமும் குறையத் தொடங்கும். சாரத்தின் மேல் நிற்பவருக்குக் கவனம் குறைவது எவ்வளவு ஆபத்தானது என்று சொல்லத் தேவையில்லை. இழப்பு பத்துச் சதவீதத்தைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்ற விதி இருப்பதற்குக் காரணம் இதுவே. கட்டாரில் 2021 முதல் ஜூன் 1இலிருந்து செப்டெம்பர் 15 வரை காலை 10 மணிக்கும் பிற்பகல் 3.30க்கும் இடைப்பட்ட நேரம் தடைக்குரியது.

நாள்தோறும் உடல் வற்றுவதும் மீள நிரம்புவதும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் பாதிக்கப்படுவது சிறுநீரகம். வளைகுடாவில் உழைத்துவிட்டு இளம் வயதிலேயே சிறுநீரகம் செயலிழந்து திரும்புவோரை நேபாளத்து வைத்தியர்கள் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறார்கள். எம்மவர்களும் அதே சாரங்களில்தான் நிற்கிறார்கள்.

இதற்குச் சந்தோரியோவின் முறையே எளிய காவல். வேலைக்குப் போகும் முன் ஒரு தடவையும் திரும்பியதும் ஒரு தடவையும், இயன்றவரை குறைந்த உடையோடு, நிறுத்துப் பார்க்கலாம். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர். அறையில் ஒரு சாதாரண தராசு போதும், நால்வர் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். வியர்வையில் உப்பும் போவதால் வெறும் தண்ணீரோடு நிறுத்தாமல் சாப்பாட்டையும் தவறவிடாமல் இருக்க வேண்டும். சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் குடித்தது போதவில்லை என்று அர்த்தம். இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் எவ்வளவு குடிப்பது என்பதைத் தமது வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

புகழும் பழியும்

1611இல் பாதுவா பல்கலைக்கழகம் சந்தோரியோவைப் பேராசிரியராக அழைத்தது. 1614இல் அவரது சிறிய நூல் வெனிசில் அச்சானது. நிறுத்தல் மருத்துவம் என்ற பொருள்பட அதற்குப் பெயரிட்டிருந்தார். நீண்ட விளக்கங்கள் இல்லை. ஒன்றிரண்டு வரிகளில் சூத்திரங்கள் போல எழுதியிருந்தார். காற்று, உணவு, தூக்கம், உழைப்பு, மனநிலை ஆகிய ஒவ்வொன்றும் உணராக் கழிவை எப்படிக் கூட்டும், குறைக்கும் என்பதே உள்ளடக்கம். அந்நூல் பல மொழிகளுக்குப் போய் இருநூறு ஆண்டுகள் வரை அச்சில் இருந்தது. அதைப் படித்த வைத்தியர்கள் தாமும் தராசு நாற்காலி செய்து உட்கார்ந்தார்கள்.

குறைகளும் இருந்தன. தான் எடுத்த அளவுகளின் அட்டவணைகளை அவர் அச்சிடவில்லை. முடிவுகளைத்தான் தந்தார். மூச்சில் போவது எவ்வளவு, தோலில் போவது எவ்வளவு என்று பிரிக்கவில்லை. உணராக் கழிவு தடைப்படுவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்று அவர் நம்பியது தவறாகிப் போனது. ஆனால் அவரைத் திருத்தியவர்களும் அவருடைய தராசை எடுத்துத்தான் திருத்தினார்கள்.

தராசு சொல்லாதது

அவருடைய நாற்காலியால் காட்ட முடியாத ஒன்று உண்டு. அது மொத்தத்தைச் சொல்லும், பங்கீட்டைச் சொல்லாது. இரண்டு உடல்கள் ஒரே நிறையில் இருந்தும் உள்ளே வேறுபடலாம். வளைகுடாவின் உயிரினங்களே இதற்கு நல்ல பாடம்.

ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருப்பதாகச் சிறு வயதில் படித்திருப்போம். அதில் இருப்பது கொழுப்பு. ஒட்டகம் தன் உடல் நிறையில் கால் பங்கைத் தண்ணீராக இழந்தும் நடமாடும். இழப்பின் பெரும்பகுதி திசுக்களிலிருந்து போவதால் இரத்தம் தடிப்பதில்லை. பிறகு கிணற்றடிக்கு வந்து பத்து நிமிடத்தில் நூறு லீற்றர் வரை குடித்துப் பழைய நிறைக்குத் திரும்பிவிடும்.

அபுதாபிக் கடலில் ஆயிரக்கணக்கில் வாழும் கடற்பசு இன்னொரு விதம். மன்னாரிலும் பாக்கு நீரிணையிலும் ஆவுளியா என்று எமது மீனவர்கள் அழைக்கும் அதே விலங்கு. அதன் என்புகள் உள்ளே வெற்றிடமின்றிக் கெட்டியாக இறுகியவை. கடற்புல் மேய அடியிலே தங்கியிருக்க அந்தப் பாரம் உதவுகிறது.

வல்லூறு வளர்க்கும் அரபிகள் சந்தோரியோவைப் படித்ததில்லை. ஆனால் பறவையை நாள்தோறும் தராசில் நிறுத்தி எழுதி வைக்கிறார்கள். ஒரு கிலோ அளவில் இருக்கும் பறவையில் சில பத்துக் கிராம்கள் கூடினால் பசியில்லாமல் கைக்குத் திரும்பாமல் போகலாம். அதே அளவு குறைந்தால் வேட்டைக்கு வலு இராது. தராசு வருவதற்கு முன் அவர்களுடைய முன்னோர் விரலால் பறவையின் மார்பென்பைத் தடவிப் பார்த்தார்கள். இருபுறமும் தசை நிறைந்திருக்கிறதா, என்பு துருத்துகிறதா என்பதில் தராசு சொல்லாததையும் அறிந்தார்கள்.

எமக்கும் அந்த விரல் தேவைப்படுகிறது. உயரத்தையும் நிறையையும் வைத்துக் கணிக்கும் உடற்திணிவுச் சுட்டி பெல்ஜியத்தின் கெற்றலே 1830களில் தந்தது. அதுவும் மொத்தத்தைத்தான் சொல்கிறது. 2004இல் புனேயைச் சேர்ந்த நீரிழிவு வைத்தியர் சித்தரஞ்சன் யாஜ்னிக், பிரித்தானிய வைத்தியர் ஜோன் யட்கின்னுடன் சேர்ந்து லான்செற் இதழில் ஒரு படத்தை வெளியிட்டார். இருவருக்கும் சுட்டி ஒரே 22.3. யட்கின்னின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். தெற்காசியர்கள் பார்வைக்கு மெலிந்திருந்தும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பும், கை கால்களில் குறைந்த தசையும் கொண்டிருப்பது பொதுவானது. அதனால்தான் அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம், ஆசியர்களுக்குச் சுட்டி 23ஐத் தாண்டும்போதே கவனம் வேண்டும் என்றது.

இதை எமது குடும்பங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். முகாமில் இருப்பவர் வேலை முடிந்து வந்து இரவு பத்து மணிக்குப் பெருந்தட்டு நிறையச் சோறும் கொஞ்சம் கறியும் சாப்பிட்டு உறங்குகிறார். அலுவலகத்தில் இருப்பவர் வெயிலுக்குப் பயந்து காரிலிருந்து குளிரூட்டிய அறைக்கும் அங்கிருந்து காருக்கும் மாறுகிறார், பத்தாயிரம் அடி நடப்பது மாதத்துக்கு ஒரு முறைதான். வீடியோவில் முதலாமவர் மெலிந்து தெரிகிறார், இரண்டாமவர் பூரித்துத் தெரிகிறார். வீட்டில் ஒருவருக்காக அழுகிறார்கள், மற்றவருக்காக மகிழ்கிறார்கள். முதலாமவர் இழந்தது நீரா, தசையா என்று எவரும் கேட்பதில்லை. இரண்டாமவரின் வயிற்றுச் சுற்றளவையும் இரத்தச் சீனியையும் எவரும் கேட்பதில்லை. ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்து ஊருக்குத் திரும்பும்போது இருவரும் வைத்தியசாலையில் சந்திக்க நேரலாம்.

கடைசி ஆண்டுகள்

பாதுவாவில் சந்தோரியோவின் வகுப்புகளுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். ஆனால் தனிப்பட்ட நோயாளிகளைக் கவனிக்க அடிக்கடி வெனிஸ் போய்விடுகிறார், வகுப்பைக் கைவிடுகிறார் என்று முறைப்பாடு எழுந்தது. விசாரணையில் அவர் குற்றமற்றவர் என்றே முடிவானது. இருந்தும் மனம் ஒட்டவில்லை. 1624இல் பதவியிலிருந்து விலகி வெனிசுக்கே திரும்பினார்.

அடுத்த ஆண்டு, 1625இல், இப்னு சீனாவின் நூலின் முதற்பகுதிக்கு அவர் எழுதிய விரிவுரை வெளிவந்தது. அவர் தராசு நாற்காலியில் அமர்ந்திருக்கும் புகழ்பெற்ற படமும், நாடிக் கருவியும் வெப்பமானியும் முதன்முதலாக விரிவாக வரையப்பட்டது அந்த நூலில்தான். பழைய அரபு மருத்துவத்தின் உரைநூலுக்குள்ளேயே புதிய அளவுகோல்களும் இடம் பிடித்தன. முன்னோரின் நூலை எறிந்துவிடாமல், அதன் ஓரத்தில் தராசின் படத்தை வரைந்து வைத்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

1630இல் வெனிசைக் கொள்ளைநோய் தாக்கியது. நகர மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மடிந்தனர். அப்போது சந்தோரியோவுக்கு 69 வயது. அதைக் கடந்தும் ஆறு ஆண்டுகள் வாழ்ந்து 1636 பெப்ரவரியில் வெனிசிலேயே இறந்தார். திருமணம் செய்யவில்லை, பிள்ளைகள் இல்லை.

அவர் விட்டுச் சென்றது ஒரு பழக்கம். வைத்தியசாலைக் கட்டில்களின் அருகே தொங்கும் தாளில், நோயாளி குடித்தது எவ்வளவு, வெளியேற்றியது எவ்வளவு என்று தாதியர் இரவு பகலாக எழுதுகிறார்கள். சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வருபவரை ஒவ்வொரு முறையும் முதலில் தராசில் ஏற்றுகிறார்கள். காய்ச்சலுக்கு வெப்பமானி, நாடிக்கு இலக்கம் என எல்லாவற்றிலும் அந்த நாற்காலியின் சாயல் இருக்கிறது.

வீட்டிலும் அந்தப் பழக்கத்துக்கு இடம் உண்டு. அடுத்த முறை வளைகுடாவில் இருக்கும் பிள்ளையோடு பேசும்போது மெலிந்துவிட்டாயா என்று கேளுங்கள், அது அன்பின் கேள்வி. அதோடு இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தாய், வேலை முடிந்து நிறுத்துப் பார்த்தாயா, கடைசியாகச் சீனியும் பிரஷரும் பார்த்தது எப்போது என்றும் கேளுங்கள். முகத்தில் தெரியாத இழப்பு அந்தப் பதில்களில்தான் தெரியவரும்.